உடற்பயிற்சி செய்யச் செய்ய உடம்பைப் பிடிக்காமல் போகிறதே, ஏன்?

கேள்வி, பிப்ரவரி 2

ஜிம்முக்குப் போக ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது. வாரத்தில் ஐந்து நாள் தவறாமல் போகிறேன். நான்கு மாடி ஏறினாலும் மூச்சு வாங்குவதில்லை, தூக்கம் நன்றாக வருகிறது. ஆனால் என் உடம்பைப் பார்க்க முன்பைவிடப் பிடிக்கவில்லை. முன்பு கண்ணில் படாத இடமெல்லாம் இப்போது குறையாகத் தெரிகிறது. உடற்பயிற்சி செய்தால் தன்னம்பிக்கை வரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு மட்டும் ஏன் தலைகீழாக நடக்கிறது? இன்னும் கடுமையாகச் செய்ய வேண்டுமா?

பிப்ரவரி 2, இரவு

வேண்டாம். கடுமையைக் கூட்டுவதற்கு முன்னால் ஒன்று சொல்லுங்கள்: எதற்காகப் போகிறீர்கள்? யாராவது கேட்டால் சொல்லும் காரணம் வேண்டாம். இன்று காலை ஷூ மாட்டும்போது மனதில் ஓடியது எதுவோ, அது வேண்டும்.

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. இருபதுகளில் நான் ட்ரெட்மில்லில் ஓடியதெல்லாம் அதன் திரையில் தெரியும் கலோரி எண்ணுக்காகத்தான். எவ்வளவு தூரம் ஓடினேன், போன மாதத்தைவிட வேகம் கூடியதா என்று பார்த்ததே இல்லை. உடம்பு நிஜமாகவே தேறியது. ஆனால் அதைப் பார்க்கும் கண் நாளுக்கு நாள் கறாராகிக்கொண்டே போனது. இடுப்பு குறைந்தால் கை கண்ணில் பட்டது. கை சரியானால் தாடை. அப்போது எனக்கும் உங்களுக்குத் தோன்றுவதுதான் தோன்றியது: போதாது, இன்னும் கூட்டு.

இது உங்கள் ஒருவருக்கு மட்டும் நடக்கும் விஷயம் அல்ல. நாளை விவரமாக எழுதுகிறேன்.

பிப்ரவரி 3

ஆஸ்திரேலியாவில் அடிலெய்டில் இருக்கும் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தில் மரிகா டிகமான் என்ற உளவியல் பேராசிரியர் இந்த விஷயத்தைப் பல ஆண்டுகள் துருவியிருக்கிறார். அவரும் இன்னொருவரும் சேர்ந்து 2000-இல் வெளியிட்ட ஆய்வில் 16 வயது முதல் 60 வயது வரையிலான ஆண்களையும் பெண்களையும் கேட்டுப் பார்த்தார்கள். ஆண்கள், வயதில் மூத்த பெண்கள் ஆகியோரிடம் உடற்பயிற்சி அதிகமாக இருந்தால் உடல் மீதான திருப்தியும் அதிகமாக இருந்தது. இளம் பெண்களிடம் மட்டும் அது தலைகீழ். அதிகமாக உடற்பயிற்சி செய்தவர்களுக்குத் திருப்தி குறைவு, சுயமதிப்பும் குறைவு. நீங்கள் எழுதியது அப்படியே அங்கே இருக்கிறது. இளம் பெண்கள் பயிற்சிக்குச் சொன்ன காரணங்களில் எடையும் உடல் கட்டும் தூக்கலாக இருந்ததுதான் இதற்கு ஆய்வாளர்கள் தந்த விளக்கம்.

அதே குழு 2003-இல் இன்னும் குறுகலாகப் பார்த்தது. 16 முதல் 25 வயது வரை, உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் சுமார் நூறு பெண்கள். காரணங்களை இரண்டு பக்கமாகப் பிரித்தார்கள். எடையைக் கட்டுப்படுத்துவது, உடலைச் செதுக்குவது, அழகாகத் தெரிவது ஒரு பக்கம். ஆரோக்கியம், உடல் திறன், மனநிலை, அதைச் செய்வதில் கிடைக்கும் சந்தோஷம் இன்னொரு பக்கம். முதல் பக்கத்துக் காரணங்கள் மேலோங்கியவர்களுக்குத் தங்கள் உடல் மீது திருப்தி குறைவாக இருந்தது. இரண்டாம் பக்கத்தில் நின்றவர்களுக்கு அதிகமாக இருந்தது. ஓடுவது ஒரே ஓட்டம்தான். எதற்காக ஓடுகிறோம் என்பதில்தான் எல்லாம் மாறுகிறது.

இதற்கு அடியில் இருக்கும் கோட்பாடு 1997-இல் பார்பரா ஃப்ரெட்ரிக்சனும் டோமி-ஆன் ராபர்ட்ஸும் எழுதியது. சிறுவயதிலிருந்தே மற்றவர்கள் பார்வைக்கு ஆளாகி வளரும் பெண், ஒரு கட்டத்தில் அந்தப் பார்வையைத் தனக்குள்ளேயே குடிவைத்துவிடுகிறாள் என்கிறார்கள். பிறகு பார்ப்பதற்கு யாருமே இல்லாவிட்டாலும் அவளே தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அடுத்த ஆண்டே ஃப்ரெட்ரிக்சன் குழு ஒரு சோதனை செய்தது. கல்லூரி மாணவர்களைத் தனி அறையில், முழு உயரக் கண்ணாடிக்கு முன்னால், சிலரை நீச்சல் உடையும் சிலரை ஸ்வெட்டரும் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். அந்த உடையிலேயே கணக்குத் தேர்வும் எழுதச் சொன்னார்கள். நீச்சல் உடையிலிருந்த பெண்கள் ஸ்வெட்டர் போட்ட பெண்களைவிட மோசமாக எழுதினார்கள். ஆண்களிடம் அந்த வித்தியாசம் வரவில்லை. அறையில் வேறு யாரும் கிடையாது, கவனிக்கவும். மனதின் ஒரு பங்கு தன்னையே கண்காணிக்கப் போய்விட்டால் மிச்சம்தான் கணக்குக்குக் கிடைக்கும்.

ஜிம்மிலும் அதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். தசை இழுபடுவதும் மூச்சு சீராவதும் நம் கவனத்துக்கே வருவதில்லை. வெளியே நின்று நம்மைப் பார்த்துக்கொண்டே உள்ளே ஓடுகிறோம்.

பிப்ரவரி 3, மாலை

ஒருவர் நல்ல மறுப்பு எழுதியிருக்கிறார்: "ஏற்கெனவே உடம்பைப் பிடிக்காதவர்கள்தானே எடை குறைக்கப் போகிறார்கள்? காரணம் எது, விளைவு எது?"

சரியான கேள்வி. நான் காலையில் சொன்ன இரண்டு ஆய்வுகளும் ஒரே நேரத்தில் கேள்வித்தாள் கொடுத்து எடுத்தவை. எது முன்னால் வந்தது என்று அவற்றிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கின்றன என்பதுதான் என் எண்ணம். பிடிக்காததால் போகிறோம், அந்தக் காரணத்தோடு போவதால் தினமும் ஒரு மணி நேரம் பிடிக்காததையே உற்றுப் பார்க்கிறோம், அதனால் இன்னும் பிடிக்காமல் போகிறது.

அதே சமயம், பயிற்சியே கெடுதல் என்று யாரும் புரிந்துகொள்ள வேண்டாம். ஆட்களைப் பிரித்துப் பயிற்சி கொடுத்துப் பார்த்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2009-இல் ஒரு பகுப்பாய்வு வந்தது. சராசரியாக உடற்பயிற்சி உடல் பற்றிய எண்ணத்தைக் கொஞ்சம் மேம்படுத்துகிறது என்றே அது சொன்னது. கொஞ்சம்தான், ஆனால் மேல்நோக்கி. ஆகவே கேள்வி கேட்டவர் ஜிம்மை விட்டுவிட வேண்டாம். நான்கு மாடி ஏறும் நுரையீரலை யாராவது விடுவார்களா?

பிப்ரவரி 5

கண்ணாடி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

2003-இல் கனடாவில் ஒரு சோதனை நடந்தது. உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாத பெண்களை 20 நிமிடம் நிலைசைக்கிள் ஓட்ட வைத்தார்கள். ஒருமுறை கண்ணாடிக்கு முன்னால், ஒருமுறை கண்ணாடி இல்லாமல். கண்ணாடி இல்லாதபோது அவர்கள் ஓட்டி முடித்துத் தெளிவாக எழுந்தார்கள். கண்ணாடி முன்னால் அந்தத் தெளிவு கிடைக்கவில்லை. இதில் என்னை நிறுத்திய விஷயம் ஒன்று உண்டு. தன் உடம்பைப் பற்றி அதிகம் கவலைப்படாத பெண்களுக்கும் இதே பாதிப்பு இருந்தது. அப்படியென்றால் அது அவர்களின் மனப்பலவீனம் என்று ஒதுக்க முடியாது. அறை செய்யும் வேலை அது.

ஆனால் முதன்முதலில் ஜிம்முக்குள் வரும் பெண்ணை எங்கே நிறுத்துகிறார்கள்? நான்கு பக்கமும் கண்ணாடி வைத்த கூடத்தில். பளு தூக்கும்போது முதுகு நேராக இருக்கிறதா என்று பார்க்கக் கண்ணாடி உதவும், மறுக்கவில்லை. சைக்கிள் ஓட்டுவதற்கு எதற்கு?

நான் இப்போது போகும் இடத்தில் ஒரு மூலையில் மட்டும் ஜன்னல் இருக்கிறது. கூட்டமாக இருந்தாலும் காத்திருந்து அந்த இடத்தைப் பிடிக்கிறேன்.

பிப்ரவரி 6

"சர்க்கரை நோய் ஆரம்பக் கட்டம், எடை குறைக்கச் சொல்லி மருத்துவர் சொன்னார். எடைக்காகப் போவது தப்பா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

தப்பே இல்லை. அது ஆரோக்கியக் காரணம். எடை அங்கே ஒரு அளவுகோல், அவ்வளவுதான். ஆனால் அந்த அளவுகோலை மட்டும் நம்பினால் சீக்கிரம் மனம் உடைந்துவிடும் என்பதால் ஒன்று சொல்கிறேன். உணவை மாற்றாமல் உடற்பயிற்சியால் மட்டும் குறையும் எடை பெரும்பாலானவர்களுக்கு அவர்கள் எதிர்பார்ப்பதைவிடக் குறைவு. பயிற்சியின் பெரிய பலன்கள் எடை முள்ளில் தெரியாத இடங்களில் இருக்கின்றன. சுருங்கி விரியும் தசை, இன்சுலினின் உதவி இல்லாமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். ரத்த அழுத்தம் இறங்கும். தூக்கம் சீராகும். எடை ஒரு கிலோகூடக் குறையாதவருக்கும் இவை கிடைக்கும். எடை மெஷினை மட்டும் பார்ப்பவர் "ஒன்றும் நடக்கவில்லை" என்று இரண்டாம் மாதமே நின்றுவிடுவார். நடந்துகொண்டிருப்பது முழுவதையும் அவர் தவறவிடுகிறார்.

நின்றுவிடுவது என்பதும் என் ஊகம் மட்டும் இல்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மிஷெல் சீகர் நடுவயதுப் பெண்களிடம் செய்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், உடல் வடிவத்துக்காகப் பயிற்சி செய்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே செய்தார்கள். எடையைச் சொல்லிப் பயமுறுத்தினால்தான் பெண்கள் அசைவார்கள் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

உங்கள் மருத்துவரிடம் மூன்று மாத சர்க்கரை அளவு எப்போது பார்ப்பார் என்று கேளுங்கள். அதைக் காரணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 9

கேள்வி கேட்டவர் பதில் போட்டிருக்கிறார். ஷூ மாட்டும்போது மனதில் ஓடியது "நேற்று சாப்பிட்டதை இன்று கரைக்க வேண்டும்" என்பதாம். அவருடைய பயிற்சியாளர் தினமும் சொல்வதும் அதைத்தான் என்கிறார்.

இதை எதிர்பார்த்தேன். பயிற்சியாளர்களின் வாய் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

பெயர் வேண்டாம், பல வருடம் முன்பு எனக்கு ஒருவர் இருந்தார். வேலையில் கெட்டிக்காரர், நல்லெண்ணம் உள்ளவரும்கூட. ஆனால் ஒவ்வொரு அசைவுக்கும் உடம்பில் ஒரு குறையைக் கோர்த்துவிடுவார். "இது தொப்பைக்கு, இது தொடைக்கு, கை தொங்குகிறது பாருங்கள், அதற்கு இது." பிளாங்க் (முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி உடம்பை நேராகப் பிடித்திருப்பது) செய்வது எனக்குப் பிடித்த விஷயம். அது என் தொப்பைக்கான தண்டனை என்று தெரிந்த நாளிலிருந்து பிடிக்காமல் போனது. (குறிப்பிட்ட இடத்தில் பயிற்சி செய்தால் அந்த இடத்துக் கொழுப்பு மட்டும் கரையும் என்பதும் உண்மை இல்லை. கொழுப்பு எங்கிருந்து முதலில் குறையும் என்பதை உடம்புதான் முடிவு செய்யும்.)

2018-இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ரெனே எங்கெல்ன் குழு இதைச் சோதித்துப் பார்த்தது. ஒரே பயிற்சியை இரண்டு குழுக்களுக்குக் கொடுத்தார்கள். ஒன்றில் பயிற்றுநர் தோற்றத்தைப் பற்றிப் பேசி உற்சாகப்படுத்தினார். இன்னொன்றில் வலு, ஆரோக்கியம் என்று உடம்பு செய்யக்கூடியதைப் பற்றிப் பேசினார். பயிற்சி முடிந்ததும், இரண்டாவது குழுவின் பெண்களுக்கே மனநிலையும் உடல் திருப்தியும் கூடுதலாக மேம்பட்டிருந்தன. ஒரே ஒரு வகுப்பு, வெறும் பதினாறு நிமிடம். பேச்சை மாற்றியதற்கே இவ்வளவு என்றால், வருடக்கணக்காகக் காதில் விழுந்துகொண்டிருப்பது என்ன செய்திருக்கும்?

காரணம் என்பது நாமே தனியாக உட்கார்ந்து தேர்ந்தெடுப்பது என்று நினைத்துக்கொள்கிறோம். பாதி நேரம் அது நம் கையில் திணிக்கப்படுகிறது. சேரும்போது நிரப்பும் படிவத்தில் முதல் கேள்வியே "எத்தனை கிலோ குறைக்க வேண்டும்?" என்று இருந்தால், முதுகுவலிக்காக வந்தவளும் ஒரு எண்ணை எழுதிவிட்டுத்தான் உள்ளே போவாள்.

பிப்ரவரி 10

உடையும் இதில் சேரும். 2021-இல் ஐரோப்பியக் கடற்கரை ஹேண்ட்பால் போட்டியில் நார்வே பெண்கள் அணி பிகினிக்குப் பதில் ஷார்ட்ஸ் அணிந்து ஆடியதற்கு 1,500 யூரோ அபராதம் போட்டார்கள். ஆண்களுக்கு ஷார்ட்ஸ்தான் விதி. எதிர்ப்பு கிளம்பி அந்த ஆண்டு முடிவதற்குள் விதியை மாற்றினார்கள். அதே ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெர்மனியின் ஜிம்னாஸ்டிக்ஸ் பெண்கள் கணுக்கால்வரை மூடிய உடையில் ஆடினார்கள். உலகத் தரத்தில் ஆடுபவர்களே விளையாட்டில் கவனம் வைக்க இதற்காகப் போராட வேண்டியிருக்கிறது.

கேள்வி கேட்டவருக்கு: இழுத்து இழுத்துச் சரிசெய்ய வேண்டிய எந்த உடையையும் ஜிம்முக்குப் போடாதீர்கள்.

பிப்ரவரி 14

பிரசவத்துக்குப் பிறகு பயிற்சிக்குத் திரும்புவது பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். நீளமாக எழுதப் போகிறேன்.

குழந்தை பிறந்த சில வாரங்களில் ஒரு பெண்ணிடம் உலகம் கேட்பது "பழைய உடம்பு வந்துவிட்டதா?" என்பதுதான். அவளுக்குள் என்ன நடந்திருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. வயிற்றின் முன்புறத் தசைகள் நடுவில் விலகியிருக்கும். சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் அடியிலிருந்து தாங்கும் இடுப்புத் தளத் தசைகள் மாதக்கணக்கில் எடை சுமந்து தளர்ந்திருக்கும். தும்மினால், சிரித்தால் பலருக்குச் சிறுநீர் கசியும். இதை வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டே, வயிற்றைக் குறைப்பதற்காக வேகவேகமாக சிட்-அப் செய்யப் போவார்கள். நானும் எனக்கு எது தேவை என்று யாரும் சொல்லித்தராத நிலையில் அதைத்தான் செய்தேன். வயிறும் குறையவில்லை, கசிவும் அதிகமானது.

அப்புறம் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் போனேன். அவர் என் எடையைக் கேட்கவே இல்லை. மூச்சை இழுத்து விடும்போது இடுப்புத் தளம் எப்படி இறங்கி ஏறுகிறது என்று உணரச் சொன்னார். மூச்சு விடும்போது மெதுவாக மேலே இழுங்கள், பிறகு முழுக்க விடுங்கள், விடுவதும் பயிற்சிதான் என்றார். படுத்தபடி, கண்ணை மூடிக்கொண்டு. வெளியிலிருந்து பார்த்தால் நான் சும்மா படுத்திருந்தேன், பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. ஆனால் அதுவரை செய்த எந்தப் பயிற்சியிலும் என் உடம்புக்குள் நான் அவ்வளவு தூரம் இருந்ததில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு கசிவு பயமில்லாமல் ஓட முடிந்தபோது வந்த பெருமிதத்துக்கு எந்த எடை எண்ணும் ஈடாகாது. என் வயிறு இன்றும் மடிப்போடுதான் இருக்கிறது. பல நாட்கள் அது நினைவிலேயே இருப்பதில்லை.

நேரடியான பதில்: முதலில் மருத்துவரிடமோ பிசியோவிடமோ இடுப்புத் தளத்தையும் வயிற்றுத் தசை விலகலையும் பார்த்துவிடுங்கள். கசிவோ, அடிவயிற்றில் பாரமாக இறங்குவது போன்ற உணர்வோ இருந்தால் குதிப்பதும் ஓடுவதும் பிறகு. நடை எப்போதும் நல்லது.

பிப்ரவரி 15

"இந்தப் பிரச்சினை ஆண்களுக்கும் உண்டு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உண்டு. தசை போதவில்லை என்ற ஏக்கத்தில் தங்களை வருத்திக்கொள்ளும் ஆண்கள் இருக்கிறார்கள், அதற்குத் தனியாக ஒரு பேச்சு வேண்டும். இங்கே கேட்டது ஒரு பெண், நான் எழுதுவது அவருக்கு.

பிப்ரவரி 20

மூன்றாம் தேதி எழுதியதை மீண்டும் படித்தேன். அதில் இரண்டு பக்கக் காரணங்களை நல்லது, கெட்டது என்று ஒருவர் எடுத்துக்கொண்டு, "இனி திறனுக்காக மட்டும் செய்வேன், அழகு பற்றி நினைக்கவே மாட்டேன்" என்று எழுதியிருக்கிறார். இங்கே நான் கொஞ்சம் குறுக்கே வர வேண்டும்.

முதலாவது, கலப்பில்லாத காரணத்தோடு போகும் யாரையும் நான் பார்த்ததில்லை. அழகாக இருக்க ஆசைப்படுவது குற்றம் இல்லை. புதிய உடையில் தோள் எடுப்பாகத் தெரிந்தால் எனக்கும் மகிழ்ச்சிதான். அந்த ஆய்வுகள் சொல்வதெல்லாம் எந்தக் காரணம் மேலோங்கி இருக்கிறது என்பதைத்தான். "உடம்பை நேசி" என்பதும் சேர்ந்துகொண்டால் சில பெண்களுக்கு அது இன்னொரு வீட்டுப்பாடம் ஆகிவிடுகிறது. நேசிக்க முடியாத நாளில் அதற்கும் ஒரு குற்றவுணர்ச்சி. நேசிக்க வேண்டியதுகூட இல்லை. ஒரு மணி நேரம் அதைத் திட்டாமல் இருந்தால் போதும்.

இரண்டாவது விஷயம் எனக்கு இன்னும் உறுத்துகிறது. திறனைக் காரணமாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் எழுதியது போலத் தோன்றுகிறது. திறனும் சாட்டையாகலாம். கைக்கடிகாரம் காட்டும் காலடி எண்ணிக்கை குறைந்துவிட்டதே என்று இரவு பதினோரு மணிக்கு வீட்டுக்குள் நடைபோடும் தோழி எனக்கு இருக்கிறாள். அவள் எடையைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை. ஆனாலும் கண்காணிப்பு அப்படியே இருக்கிறது, எண் மட்டும் மாறியிருக்கிறது. நாள்பட்ட நோய் உள்ளவரிடமும், நடக்க முடியாதவரிடமும் போய் "உன் உடம்பு செய்யக்கூடியதை நினைத்துப் பெருமைப்படு" என்றால் அது எப்படிக் காதில் விழும்? முடக்குவாதம் முற்றிய நாட்களில் என் அம்மாவுக்குச் சட்டைப் பொத்தானைப் போட வராது. அந்த வாரத்தில் அவருக்கு உதவியது திறன் இல்லை. வெந்நீரில் கை வைத்து விரல்களை மெதுவாக அசைக்கும்போது கிடைத்த இதம்.

அதனால் இப்போது இப்படிச் சொல்லிப் பார்க்கிறேன். செய்துகொண்டிருக்கும்போதே ஏதாவது கிடைக்கிறதா? இதமோ, களிப்போ, கோபம் வடிவதோ, பேச்சுத் துணையோ. பலன் முழுவதும் பின்னால் வரப்போகும் ஓர் எண்ணில் மட்டும் இருந்தால், அது எடையானாலும் சரி, காலடியானாலும் சரி, நான் எச்சரிக்கையாக இருப்பேன்.

யோகா பற்றிக் கேட்டவருக்கும் இதுவே பதில். டிகமானும் இவாங்கா பிரிச்சர்டும் 2008-இல் உடற்பயிற்சிக் கூடங்களுக்குப் போகும் பெண்களிடம் பார்த்தபோது, கார்டியோவில் (ஓட்டம், சைக்கிள் போல இதயத்துடிப்பைக் கூட்டும் பயிற்சிகளில்) அதிக நேரம் செலவிட்டவர்களிடம் தன்னை வெளியிலிருந்து பார்ப்பது அதிகமாகவும், யோகா வகைப் பயிற்சிகளில் இருந்தவர்களிடம் குறைவாகவும் இருந்தது. மூச்சைக் கவனி, இழுவையைக் கவனி என்று உள்ளே திருப்புவதால் இருக்கலாம். அதையும் நீள்வதற்கும் மெலிவதற்கும் என்று விற்க ஆரம்பித்தால் அந்தக் குணம் போய்விடும் என்று அஞ்சுகிறேன்.

மார்ச் 1

கேள்வி கேட்டவர் நேற்று எழுதியதில் ஒரு வரி எனக்குக் கவலை தருகிறது. மாதவிடாய் மூன்று மாதமாக வரவில்லை, "பயிற்சியால் இருக்கும், வசதிதான்" என்று எழுதியிருக்கிறார்.

தயவுசெய்து மருத்துவரைப் பாருங்கள், இந்த வாரமே. கர்ப்பம், தைராய்டு போன்ற வேறு காரணங்களையும் அவர்தான் பார்த்து விலக்க வேண்டும். பயிற்சிக்குத் தேவையான அளவு சாப்பிடாமல் உடம்பை ஓட்டினால் அது செலவைக் குறைக்க ஆரம்பிக்கும், முதலில் நிறுத்துவதில் ஒன்று மாதவிடாய். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இறங்கும், எலும்பு மெலியும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் இதற்கென்றே ஓர் அறிக்கை வெளியிட்டது, வீராங்கனைகளிடம் இது அவ்வளவு பரவலாக இருந்தது. போட்டிக்குப் போகாத சாதாரணப் பெண்களுக்கும் இது வரும், ஒல்லியாக இல்லாதவர்களுக்கும் வரும். இழந்த எலும்பு முழுவதும் திரும்பக் கிடைக்கும் என்று உறுதியில்லை.

இன்னும் சில அறிகுறிகள்: காய்ச்சலிலும் காயத்திலும் பயிற்சியை விட முடியாமை, ஒருநாள் தவறினால் சாப்பாட்டைக் குறைப்பது, பயிற்சிக்காக நண்பர்களைத் தவிர்ப்பது. இவை இருந்தால் மனநல நிபுணரின் உதவியும் வேண்டும். சாப்பிட்டதற்குத் தண்டனையாகப் பயிற்சி என்ற எண்ணம் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான். உங்களை அங்கே பார்க்க எனக்கு விருப்பமில்லை.

மார்ச் 2

கேள்வி கேட்டவர் மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டார், தகவலுக்கு நன்றி. நிம்மதி.

"உற்சாகத்துக்காக இன்ஸ்டாகிராமில் ஃபிட்னஸ் பக்கங்களைப் பார்க்கிறேன், அவை நல்லவைதானே, ஒல்லியாகு என்று சொல்வதில்லையே" என்கிறார் இன்னொருவர். 2015-இல் டிகமான் இதையும் சோதித்திருக்கிறார். சில பெண்களுக்கு அந்த வகைப் படங்களையும், சிலருக்குப் பயணப் படங்களையும் காட்டினார்கள். ஃபிட்னஸ் படங்கள் பார்த்தவர்களுக்குப் பயிற்சி செய்யும் உந்துதல் கூடியது உண்மை. கூடவே மனநிலை இறங்கியது, உடல் மீதான அதிருப்தி கூடியது. அந்த உந்துதல் எந்தக் காரணத்தைத் தோளில் சுமந்துகொண்டு வருகிறது என்று இப்போது தெரிகிறதா? நான் அவற்றையெல்லாம் விட்டுவிட்டேன். அறுபது வயதுக்கு மேல் பளு தூக்கும் பெண்கள் சிலரை மட்டும் பின்தொடர்கிறேன். மாதவிடாய் நிற்கும் வயதில் எலும்புத் தேய்வு வேகமெடுக்கும் என்பதால் அவர்கள் அவ்வளவு கருத்தாகத் தூக்குகிறார்கள்.

மார்ச் 8

கேள்வி கேட்டவருக்கு. மருத்துவர் பயிற்சியைப் பாதியாகக் குறைத்து, சாப்பாட்டைக் கூட்டச் சொன்னது மிகச் சரி. அந்தப் பாதியை எப்படிச் செய்வது என்று கேட்டதால் சொல்கிறேன்.

பயிற்சியாளரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்: "என் எடை, அளவு பற்றிப் பேச வேண்டாம். எவ்வளவு தூக்குகிறேன், எப்படித் தூக்குகிறேன் என்று மட்டும் சொல்லுங்கள்." முகம் சுளித்தால் ஆளை மாற்றுங்கள். மெஷின் திரையில் கலோரி தெரிந்தால் துண்டைப் போட்டு மூடுங்கள். வீட்டு எடை மெஷினை, மருத்துவர் கேட்டாலொழிய, எடுக்க வேண்டாம்.

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் ஜெசிகா அலேவா வடிவமைத்த ஒரு எழுத்துப் பயிற்சி இருக்கிறது. ஒரு வாரத்துக்குள் மூன்று முறை, கால் மணி நேரம். உடம்பு என்னவெல்லாம் செய்கிறது, அது நமக்கு ஏன் முக்கியம் என்று எழுத வேண்டும். செரிப்பது, புண் ஆறுவது, கட்டிப்பிடிப்பது, பாடுவது, எல்லாம் சேரும். தன் உடல் பிடிக்காத இளம் பெண்களிடம் செய்து பார்த்து 2015-இல் வெளியிட்டார், திருப்தி கூடியிருந்தது. நீங்கள் எழுதுவதை இங்கே போட வேண்டியதில்லை.

மார்ச் 19

கேள்வி கேட்டவருக்கு: நீங்கள் அனுப்பிய டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடைக் கம்பியைத் தூக்கும் பயிற்சி) படம் பார்த்தேன். முதுகு வளைவது எடை அதிகம் என்பதால்தான், இரண்டு தட்டு குறையுங்கள். கம்பி காலை உரசிக்கொண்டே ஏற வேண்டும், உங்களுடையது ஒரு சாண் தள்ளி இருக்கிறது. கீழே குனிவதாக நினைக்காமல் இடுப்பைப் பின்னால் தள்ளுவதாக நினையுங்கள், ஒரு கதவைப் பின்பக்கத்தால் மூடுவது போல. தூக்கும் முன் மூச்சை வயிறு நிறைய இழுத்துப் பிடியுங்கள். வயிற்றை உள்ளிழுக்காதீர்கள், அது வெளியே தள்ளி நின்றால்தான் முதுகுக்குத் தாங்கல். அடுத்த படத்தைப் பக்கவாட்டிலிருந்து எடுத்து அனுப்புங்கள், முழங்காலையும் பார்த்துவிடுகிறேன்.